கொடிக்கம்பி

பெப்ரவரி 2, ஞாயிறு

துணி காயப்போடும் கம்பியைக் காணவில்லை. காலையில் வாளியோடு போனபோதுதான் பார்த்தேன். முன்பக்கக் கம்பத்திலிருந்து கொய்யா மரம் வரை நீல நைலோன் கயிறு கட்டியிருந்தது. புதுக்கயிறு. ஈரத்துணி போட்டதும் நடுவில் தொங்கி, அப்பாவின் கால்சட்டை மண்ணைத் தொட்டது. மறுபடியும் அலசினேன்.

அம்மா கேட்டதற்கு, கம்பி துருப்பிடித்துத் துணியில் கறை படுகிறது, அதனால் கழற்றிப் போட்டேன் என்றார் அப்பா. கறை பட்டதில்லை. துவைப்பது நான்தான். அது தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கழித்துப் போட்ட முறுக்குக் கம்பி. நான் பிறப்பதற்கு முன்பே கட்டியது. ஓர் இடத்தில் இழை பிரிந்து சேலையைக் கிழிக்கிறது என்று அம்மா அதில் சிவப்புத் துணி சுற்றித் தைத்திருந்தார். அவ்வளவுதான் அதில் குறை.

கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

இன்றைக்கு ஞாயிறு என்பது நாய்களுக்கு இன்னும் தெரிகிறது. விடிந்ததும் கட்டிய இடத்திலிருந்தே எல்லாம் சேர்ந்து குரைத்தன. போன வருடம் வரை இந்த நேரத்தில் எங்கள் தொழிலாளர் லயத்து ஆம்பளைகள் நாய்களை அவிழ்த்துக்கொண்டு, ஈட்டியோடு காட்டோரம் ஏறுவார்கள். காட்டுப்பன்றிகளைக் கலைத்து மேலே துரத்துவார்கள். அகப்பட்டதை அடிப்பார்கள். பிறகு பெரிய பங்களாவை ஹோட்டல் ஆக்கினார்கள். சனி ஞாயிறுகளில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து தங்கித் தேயிலைக்குள் நடக்கிறார்கள். ஒருநாள் அவர்களில் ஓர் அம்மா, கம்பில் கட்டித் தூக்கிவந்த பன்றியைப் பார்த்து அழுதுவிட்டார். அடுத்த வாரம், காலையில் வேலைக்குப் பெயர் எடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஞாயிறு தவிர்ந்த ஏனைய நாட்களில், முன் அனுமதியுடன், வேட்டைக்குப் போகலாம்.

ஏனைய நாட்களில் எல்லோரும் தேயிலை மலையில் வேலைக்கு நிற்கிறார்கள்.

இந்தக் கொப்பியில் விஞ்ஞானம் பாதிவரைதான் எழுதியிருக்கிறது. மீதித் தாள் வீணாகப் போகிறதே என்று எழுதுகிறேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். என் வகுப்பில் இருந்த டிலானி கையில் சின்னக் கொடியோடு கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கூடம் போனாள். கிழங்குத் தோட்டத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கை காட்டினாள். பிறகு பன்றியை வெருட்ட நான் நட்டுவைத்த பொம்மையையும் பார்த்துக் கை காட்டிச் சிரித்தாள். பொம்மைக்கு என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருக்கிறோம். கழுத்துப்பட்டியும் உண்டு. என்னைவிட அது நன்றாக நிமிர்ந்து நிற்கிறது.

பள்ளிக்கூடத்தை நான்தான் நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வேட்டை நின்றபிறகு பன்றிகள் லயத்துக்குப் பின்னால் வரை வர ஆரம்பித்தன. உருளைக்கிழங்குக்குக் காவல் வேண்டும். முன்பாதி இரவு அப்பா, பின்பாதி நான். அம்மாவுக்குக் கொழுந்துக் கூடை தூக்கி இடுப்பு போய்விட்டது, அவரை எழுப்ப முடியாது. காலையில் கணித பாடத்தில் தூங்கிவிடுவேன். சார் திட்டினால் பரவாயில்லை. அவர் திட்டாமல், அந்தப் பிள்ளை தூங்கட்டும், எல்லோரும் மெதுவாகப் பேசுங்கள் என்று வகுப்புக்குச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குப் போகப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

அப்பா விறகுக்குப் போனார். விறகு கொண்டுவரவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஓடைப் பக்கத்து வரிசைகள் இரண்டையும் பன்றிகள் கிளறிவிட்டன. கிழங்கு இன்னும் பிஞ்சு. கடித்துப் போட்டதைப் பொறுக்கிக் கறிக்கு எடுத்தேன். அம்மா அதை நறுக்கினார்.

இருளப்பன் மாமா மேஜரோடு வந்தார். லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார், சொந்த மாமா இல்லை, ஆனால் நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் சொல்வோம். வேட்டைக்கு அவர்தான் தலை. மேஜர் அவருடைய நாய். வாசலில் ஒரு காதை மடித்து உட்கார்ந்து, யார் வந்தாலும் முதலில் காலை மோந்து பார்க்கும், பிறகுதான் விடும். பால் இல்லாத பிளேன்டி கொடுத்தேன். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக் குடித்தபடி அம்மாவிடம் சொன்னார்.

“தொரை சொல்றாரு தங்கச்சி, திங்கக்கெழம போ, செவ்வாக்கெழம போன்னு. அன்னிக்கு நா மலைக்கிப் போகாட்டி பேரு விழாது, சம்பளம் போச்சி. பன்னிக்கிட்ட சொல்லிப் பாக்கணும், பெரட்டு கலஞ்ச பொறகு வந்து சாகச் சொல்லி.”

அம்மா சிரித்தார். இப்படியானதற்கு முதலில் சிரிப்பவர் அப்பா. இன்றைக்கு அவர் மேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாயைக் கட்டித்தான வைக்கிறீங்க மச்சான் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கட்டுவேன், மற்ற நாளில் அதை ஏன் கட்டவேண்டும் என்றார் மாமா. அப்பா, கட்டி வைங்க, காலம் சரியில்ல என்றார். என்ன காலம் என்று மாமா கேட்கவில்லை.

அவர் போனபிறகு வேட்டைப் பங்கு நினைவுக்கு வந்தது. பன்றி விழுந்தால் கோவில் மைதானத்தில் தகரத்தின்மேல் பங்கு வைப்பார்கள். முதல் பங்கு நாய்களுக்கு. அடுத்தது, அந்த வாரம் யாருடைய தோட்டம் கிளறப்பட்டதோ அந்த வீட்டுக்கு. அந்த வீட்டிலிருந்து யாரும் வேட்டைக்குப் போயிருக்காவிட்டாலும் கொடுப்பார்கள். மற்றதைச் சமமாக வைத்து, ஒரு பிள்ளையை முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். மாமா ஒரு பங்கைத் தொட்டு, இது யாரோடது என்று கேட்பார். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லவேண்டும். பார்க்காமல் சொல்வதால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஒருதடவை என்னை நிறுத்தினார்கள். எனக்குக் குரலே வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். மாமா பின்னால் நின்று, மெதுவா சொல்லு பாப்பா, பன்னி எங்கயும் ஓடாது என்றார். எல்லா வீட்டையும் சொன்னேன், எங்கள் வீட்டை மட்டும் மறந்துவிட்டேன். கடைசியில் மிஞ்சியது எங்களுக்கு.

பெப்ரவரி 12, புதன்

போயா, பௌர்ணமி விடுமுறை. வேலை இல்லை. ஆனால் இன்றைக்கு எந்த உயிரையும் அடிக்கக் கூடாது. ஆம்பளைகள் வாசலில் உட்கார்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்றிகளுக்கும் விடுமுறை என்று யாரோ சொன்னார்கள்.

தலையணை உறைகள் துவைத்தேன். நைலோன் கயிறு இன்னும் தொய்ந்துவிட்டது.

பெப்ரவரி 15, சனி

மேஜரைக் காணவில்லை என்று மாமா தேடுகிறார். நேற்றிலிருந்து வரவில்லையாம். சட்டியில் சோறு அப்படியே இருக்கிறது. எறும்பு பிடித்துவிட்டது.

அப்பா காவலுக்குப் போகும்போது டோர்ச்சை எடுத்துக்கொள்ளவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பைனஸ் காட்டு ஓரத்தில் மேஜர் கிடந்தது. கழுத்தில் கம்பிச் சுருக்கு. மாமா துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு லயத்து வழியாக வந்தார். வழியில் பங்களாவின் ஆட்கள் சிலர் தொப்பியோடு நடந்து வந்தார்கள். என்னவென்று கேட்டார்கள் போல. மாமா நிற்கவில்லை.

கோவில் மைதானத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். அப்பாதான் குழி தோண்டினார். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. போதும் என்று சொன்ன பிறகும் தோண்டினார். ஒரு நாய்க்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை.

மேஜரின் கழுத்திலிருந்து கழற்றிய கம்பியை மாமா தூக்கிப் போடவில்லை. அவர் வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறார். யார் வந்தாலும் பார்க்கட்டும் என்றார். நானும் பார்த்தேன். முறுக்குக் கம்பி. ஓர் இடத்தில் ஏதோ துணி சுற்றியிருந்தது. இரத்தமும் மண்ணும் காய்ந்து என்ன நிறம் என்று தெரியவில்லை.

அம்மா அதைப் பார்க்கப் போகவில்லை. இடுப்பு வலி, படுத்திருந்தார்.

அப்பா சாப்பிடவில்லை. நான் பசிக்கிறது என்று சொல்லி அவர் பங்கையும் சாப்பிட்டேன். பசிக்கவில்லை.

பெப்ரவரி 17, திங்கள்

துரை காட்டோரத்தில் காவலுக்கு வாச்சர் இருவரைப் போட்டிருக்கிறார். காலையும் மாலையும் நடக்கிறார்கள். சங்கத் தலைவர் யோகநாதன் அண்ணன் வீடு வீடாக வந்து விசாரித்தார். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: வெளியாட்கள்தான் வைத்திருப்பார்கள், நமது லயத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அப்பாவும் அப்படித்தான் சொன்னார். தலைவர் போகும்போது நைலோன் கயிற்றில் தலை தட்டியது. கொஞ்சம் ஒசத்திக் கட்டு பாப்பா என்றார்.

எங்கள் கொடி கம்பத்திலிருந்து கொய்யா மரம் வரை இருந்தது. மாமா வாசலில் தொங்குவது என் கை நீளம்கூட இல்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

மழை. ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்க வேண்டும் போல இருக்கிறது.

பெப்ரவரி 20, வியாழன்

ஞாயிறு வேட்டையைத் திரும்பக் கேட்டுத் துரைக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். என் எழுத்து நன்றாக இருக்கும் என்று தலைவரிடம் அம்மா சொல்லிவிட்டார். மாலையில் தலைவரும் மாமாவும் வந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து எழுதினேன். நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை என்பதால் கஷ்டமாக இல்லை.

கிழமை நாட்களில் வேலை, போயாவில் கொல்லக் கூடாது, எங்களுக்கு மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான் என்று எழுதினேன். பங்களாவில் இருப்பவர்கள் எழும்பித் தேநீர் குடித்து வெளியே வருவதற்குள் முடித்துவிடுவோம், அவர்கள் நடக்கும் பாதைக்கு வரமாட்டோம், பன்றியைத் திறந்தபடி தூக்கி வரமாட்டோம் என்றும் எழுதினேன். கடைசியாக எழுதியதை மாமா இருமுறை வாசிக்கச் சொன்னார். அந்த அம்மா அழுதது அவருக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

பிறகு அவர் தலைவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இதயும் எழுது பாப்பா. வேட்ட சத்தம் போட்டுக்கிட்டு வரும். பன்னிக்கும் தெரியும், மனுசனுக்கும் தெரியும், ஒதுங்கிக்கலாம். கம்பி பேசாது. அது பன்னியா நாயா புள்ளையான்னு பாக்காது. ஞாயித்துக்கெழம வேட்டய நிப்பாட்டின பொறகுதான் இங்க கம்பி வந்துச்சி. அதுக்கு முந்தி ஒரு கம்பி இருந்துச்சா?”

தலைவர் என் பேனாவின்மேல் விரலை வைத்தார்.

“அத எழுதாத. எழுதினா நாமதான் வச்சோம்னு ஆயிரும். எவரும் கம்பி வைப்பதில்லைன்னு எழுது.”

மாமா வாதாடினார். நமது ஆள் ஒருவன்தான் வைத்தான், அது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்றார். யாரென்று தெரியுமா என்று தலைவர் கேட்டார். மாமா தெரியாது என்றார். தெரியாததை எப்படி எழுதுவது என்றார் தலைவர். அப்பா அடுப்படியில் இருந்தார். அடுப்பை ஊதும் சத்தம் கேட்டது. அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

எழுதினேன். எமது லயத்தைச் சேர்ந்த எவரும் கம்பி வைப்பதில்லை. அந்த வரி மட்டும் கீழே சரிந்துவிட்டது. வேறு தாள் இல்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

துரை பெரட்டுக் களத்துக்கு வந்தார். ஆம்பளைகள் முன்னால் நின்றார்கள். நான் பொம்பளைகளுக்குப் பின்னால், தகரச் சுவரை ஒட்டி நின்றேன். மனுவை அவர் முழுவதும் வாசித்தார். கோபமாகப் பேசவில்லை. காத்து நின்ற களைப்பைவிட அவர் கோபப்படாததுதான் களைப்பாக இருந்தது.

வீட்டுத் தோட்டம் அழிவது தனக்கும் தெரியும் என்றார். பங்களா நடந்தால் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலை கிடைக்கும் என்றார். அதுவும் பொய் இல்லை. டிலானியின் அண்ணன் அங்கே தட்டு கழுவுகிறான். பிறகு மனுவின் ஓர் இடத்தில் விரலை வைத்தார். சரிந்த வரியாகத்தான் இருக்கும்.

“ஒங்க லயத்துல யாரும் கம்பி வைக்கலன்னு எழுதியிருக்கு. சரி, நம்புறேன். வெளியாள்தான் வச்சான். அப்ப வெளியாள் வைக்கிற கம்பிக்கும் ஒங்க ஞாயித்துக்கெழமைக்கும் என்ன சம்பந்தம்?”

மாமா வாயைத் திறந்தார், தலைவரைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

வேட்டை இல்லாததால்தான் உங்களில் ஒருவர் கம்பி வைத்தார் என்றால் அது வேறு கதை என்றார் துரை. அவர் வந்து சொல்லவேண்டும். மிச்சக் கம்பி இருந்தால் எடுக்கவேண்டும். பொலிசுக்குக் கொடுக்கமாட்டேன், இந்த முறை மட்டும். அப்படியென்றால் காலை ஒன்பது மணிவரை ஞாயிற்றுக்கிழமையைத் தரலாம், ஏனென்றால் எனக்கும் காட்டோரத்தில் கம்பி இருப்பதைவிட நாய் இருப்பது நல்லது. அடுத்த ஞாயிறு இதே நேரம் வருகிறேன். இவ்வளவும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வரும் வழியில் பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். சொன்னவன் பெயரை அடுத்த நாளே சம்பளப் பதிவுச் செக்ரோலில் இருந்து வெட்டிவிடுவார்கள், காம்பராவும் போகும், துரைமார் பேச்சை எந்தக் காலத்தில் நம்பியிருக்கிறோம் என்றார்கள். அம்மா எனக்கு முன்னால் நடந்தார். நடுவில் ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா கூட்டத்தில் கடைசி வரிசையில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நல்ல செருப்புதான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 24, திங்கள்

வியாழக்கிழமை ஏழாம் மலையில் கொழுந்து பறிப்பு என்று கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார். மேல் ஓரத்தில் ஆளுயர மானாப்புல் பக்கம் நிழல் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்.

அப்பா தண்ணீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் கீழே வைத்தார்.

விறகுக்குப் போன நாட்களில் அவர் பைனஸ் காட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. கல்லு முனி சாமியைத் தாண்டி ஏழாம் மலைக்கு மேலேயும் போனார். காவல் குடிலிலிருந்து பார்த்தால் தெரியும்.

பெப்ரவரி 25, செவ்வாய்

அப்பா பெரட்டுக்கு முன்பே மேலே போனார். சீக்கிரம் திரும்பிவிட்டார். வாச்சர்மார் ஏழாம் மலையில்தான் நிற்கிறார்கள் என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

மாலையில் அம்மாவிடம், “வியாழக்கெழம நீ போகாத” என்றார். ஏன் என்று அம்மா கேட்டார். இடுப்பு வலிதானே என்றார். இடுப்பு என்றைக்கு வலிக்கவில்லை, அதற்காக வேலைக்குப் போகாமல் இருந்தேனா என்று அம்மா கேட்டார். அவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போய்விட்டார்.

அம்மாவை மட்டும்தான் போகாதே என்றார். மற்றவர்கள் எல்லோரும் போவார்கள். மாமாவின் மனைவி போவார். டிலானியின் அம்மா போவார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, காலால் தடவித்தான் மேலே ஏறுவார்.



பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. பின்னேரம் எல்லோரும் கோவிலில் பொங்கலுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். வாச்சர்மாரும் வந்துவிட்டார்கள், ஒருவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு கீரைக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னேன்.

தேடவேண்டியிருக்கவில்லை. பன்றி வரும் தடம் எனக்குத் தெரியும், இத்தனை மாதம் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மானாப்புல்லுக்குள் ஒரு சந்து. பொம்பளைகள் சாப்பிட உட்காரும் கல்லுக்குப் பக்கத்தில். சந்து வாயில் கம்பி வட்டமாகத் தொங்கியது. மேலே வளைத்துக் கட்டிய மரக்கிளை. புல்லின் நிறத்தில் இருந்ததால் அருகே போகும்வரை தெரியவில்லை. இன்னும் ஓர் அடி வைத்திருப்பேன்.

ஒரு கம்பை எடுத்து வட்டத்துக்குள் விட்டேன். கிளை மேலே எகிறியது. கம்பு கையிலிருந்து பறந்துபோய் அந்தரத்தில் தொங்கியது. மேஜர் நினைவு வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கட்டை அவிழ்த்தேன். முடிச்சு அப்பாவின் முடிச்சு. கொடியில் இருந்ததும் அதே முடிச்சு. நகம் உடைந்தது. பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது, அதையும் எடுத்தேன். அதன் பிறகு வேறு இல்லை. தடம் முழுக்க நடந்து பார்த்தேன். கம்பியைச் சுருட்டிக் கூடையில் வைத்து, மேலே கீரையைப் பரப்பினேன்.

வாசலில் அப்பா இருந்தார். கீரையைப் பார்த்தார், என் நகத்தைப் பார்த்தார். கூடையை வாங்கி உள்ளே வைத்தார்.

பெப்ரவரி 27, வியாழன்

அம்மா மலைக்குப் போனார். ஏழாம் மலை. கொழுந்து நிறைய என்றார். நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். கால் வலி என்றார். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 1, சனி

பன்றிகள் பொம்மையைத் தள்ளிவிட்டு அதன் அடியிலேயே கிளறியிருக்கின்றன. சட்டை சேறாகிவிட்டது. எடுத்துத் துவைப்பதா அப்படியே நிமிர்த்தி வைப்பதா என்று தெரியவில்லை. துவைக்க எடுத்துவந்தேன்.

கிழங்கில் பாதிதான் மிஞ்சும் என்றார் அம்மா. ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதியும் இல்லையாம். அங்கே இரண்டு வீட்டில் முள்ளுக்கம்பி வாங்கிவந்திருக்கிறார்கள் என்று பேச்சு. முள்ளைப் பிடுங்கிவிட்டால் அதுவும் சுருக்குதான்.

மாமா வாசலில் மேஜரின் சங்கிலி கிடக்கிறது. அவர் அதைத் தாண்டித்தான் வெளியே வருகிறார், எடுத்துவைப்பதில்லை.

அடுப்படியில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். கம்பி விறகுக்குப் பின்னால் இருக்கிறது, நாளை துரை வந்து போகட்டும், பிறகு ஆற்றில் போட்டுவிடலாம் என்றார். நான் தலையாட்டவில்லை. அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“காவல் இல்லாட்டி நீ திரும்பப் போவேன்னு நெனச்சேன்.”

எங்கே என்று நான் கேட்கவில்லை. ரொட்டியைத் திருப்பினேன். கருகிவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

அவர்கள் திரும்பி வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் துணி நிறைய இருந்தது. விறகுக்குப் பின்னாலிருந்து கம்பியை எடுத்தேன். அப்பா காவலுக்குப் போய் வந்து தூங்கிக்கொண்டிருந்தார். நைலோன் கயிற்றை அவிழ்த்தேன். கம்பியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, கம்பத்தில் பழைய ஆணியிலேயே கட்டினேன். இரண்டு துண்டையும் முறுக்கிச் சேர்த்தும் கொய்யா மரம்வரை எட்டவில்லை. எட்டாத இடத்துக்கு நைலோன் கயிற்றை முடிந்தேன். வளைந்த இடங்கள் நிமிரவில்லை. ஆனாலும் நைலோனைவிட நன்றாகத் தாங்கியது.

அப்பாவின் நீலச் சட்டை, அம்மாவின் மலைச் சேலை, என் வெள்ளைச் சட்டை எல்லாம் போட்டேன். லயத்து வழியாகத்தான் எல்லோரும் பெரட்டுக் களத்துக்குப் போனார்கள். யாரும் கவனிக்கவில்லை. கொடியில் துணி காய்கிறது, அதில் என்ன இருக்கிறது. அம்மா வெளியே வந்து கொடியைப் பார்த்தார். சிவப்புத் துணி இருந்த இடம் எங்கே என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இருளப்பன் மாமா கடைசியாக வந்தார். கையில் ஆணியில் மாட்டியிருந்த அந்தக் கம்பி. துரையிடம் காட்டக் கொண்டுபோகிறார். எங்கள் வாசலைத் தாண்டிப் போனவர், நின்றார். காலடிச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. நான் கொடியின் பக்கம் திரும்பி, முதுகு காட்டி நின்றேன். வாளியில் பிழிந்துவைத்த துண்டு ஒன்று மிச்சம் இருந்தது, அதை மறுபடி பிழிந்தேன்.

பிறகு கொடி அசைந்தது. அவர் கம்பியைத் தொட்டிருக்கிறார்.

“இது யாரோடது?” என்றார்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கோவில் மைதானத்தில் பங்கைத் தொட்டுக் கேட்பாரே, அந்தக் குரல்தான். இந்தமுறை அவர் மெதுவாகச் சொல்லு என்று சொல்லவில்லை. காத்திருந்தார்.

“எங்க வீட்டுது மாமா.”

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னேன். அம்மா அழுகிறாரோ என்று நினைத்தேன், இல்லை. பிறகு கதவு திறந்தது. அப்பா எழுந்து வந்திருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியாது.

மாமா கையில் இருந்த கம்பியை அவர் முன்னால் நீட்டினார். அடிப்பார் என்று பயந்தேன். “அத கட்டி வைங்கன்னு சொன்னியே மச்சான்” என்றார் மாமா. “என்னத்துக்குன்னு சொல்லியிருக்கலாமே.” அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா கம்பியை வாங்கிக்கொண்டார். மேல்சட்டை இல்லாமல் நின்றார். கொடிக்கு வந்து தன் நீலச் சட்டையை எடுத்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காயவில்லை அப்பா என்றேன். பரவாயில்லை என்று அப்படியே போட்டுக்கொண்டார். பொத்தான் போடக் கை வரவில்லை, அம்மா எழுந்துவந்து போட்டுவிட்டார். பிறகு அப்பா முன்னாலும் மாமா ஒரு எட்டுப் பின்னாலுமாகப் பெரட்டுக் களத்தைப் பார்த்து நடந்தார்கள். துரையின் ஜீப் கீழே வளைவில் ஏறும் சத்தம் கேட்டது. கட்டியிருந்த நாய்கள் குரைத்தன.

நான் அப்பாவின் சட்டை இருந்த இடத்தில், கையில் இருந்த துண்டை உதறிப் போட்டேன்.